ஏ. இனிகோ என்ற இரண்டு பேர்

அத்தியாயம் பதினொன்று

விலகல் கடிதம் எழுதுவது சுலபம். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கஷ்டம். அல்போன்சா இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். யோசனை அதற்கப்புறம்தான் வந்தது.

போன வாரம் பார்த்தோம். தூத்துக்குடி கடல் ஆராய்ச்சி நிலையத்தில் புதிதாக வரப்போகும் முத்துச்சிப்பி வளர்ப்புப் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும். ஒரே ஒரு நாற்காலி. அதற்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள். கணவன் இனிகோ கடல்நீரை ஆராய்கிறவன். நீரோட்டம், உப்பு, சூடு இவை அவன் கணக்கு. மனைவி அல்போன்சா சிப்பியை ஆராய்கிறவள். ஒருவருக்கொருவர் சொல்லாமல் மனுப் போட்டு, அகப்பட்டுக்கொண்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, "தகுதி யாருக்கோ அவங்களுக்குக் கிடைக்கட்டும்" என்று பெருந்தன்மையாகப் பேசி முடித்திருந்தார்கள்.

பெருந்தன்மை சரி. தகுதியை எதை வைத்து அளப்பது?

அதற்குத்தான் மெட்ராஸிலிருந்து டாக்டர் சிவனணைந்தபெருமாள் வந்து இறங்கியிருந்தார். அவரோடு டெலிபோன் டைரக்டரி போல ஒரு தடித்த அமெரிக்கப் புத்தகமும் இறங்கியது. சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று பெயர். உலகத்தில் எந்த விஞ்ஞானி எழுதியதை எந்த விஞ்ஞானி மேற்கோள் காட்டியிருக்கிறான் என்று அதில் பெயர்வாரியாகப் போட்டிருக்கும். எத்தனை பக்கம் எழுதினாய் என்று அவர் கேட்பதில்லை. எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்றுதான் பார்க்கிறார்.

நேற்று மாலை அவர் இனிகோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் பெயருக்கு நாற்பத்தோரு மேற்கோள். அல்போன்சா என்ற பெயருக்கு ஒன்றுமே இல்லை.

"அமெரிக்காக்காரன் அச்சடிச்ச பொஸ்தகத்துல எம்மவன் பேரு நாப்பத்தோரு எடத்துல இருக்காம்" என்று இனிகோவின் தாய் பிளாரன்ஸ் காலையில் வாசலில் நின்று மீன்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீன்காரி கூடையை இறக்கினாள். "எதுக்கு மாமி? எதும் கேசா?"

பிளாரன்ஸ் அவளிடம் அன்றைக்கு மீன் வாங்கவில்லை.

குசினிக்குள் அல்போன்சா இட்லியும் முந்தின நாள் மீன்குழம்புமாக உட்கார்ந்திருந்தாள். மாமியார் வந்து எதிரே நின்றாள்.

"ஏளா, ஒம்பேரு எத்தன எடத்துல இருக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன் மாமி. ஒண்ணுலயும் இல்லையாம்."

பிளாரன்ஸ் வாயாடிதான். அன்றைக்கோ சட்டியைக் கிளறி, பெரிய துண்டாகப் பார்த்து மருமகள் தட்டில் வைத்தாள். வைதிருந்தால் அல்போன்சா தாங்கியிருப்பாள். அந்த மீன்துண்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் நாலு வரி இங்கிலீஷில் எழுதினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கீழே எப்போதும் போடுகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள். கிளார்க் நல்லக்கண்ணு டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மேசைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தபால்தலைகள் ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டில் பிளாரன்ஸ் ஒரு பழைய மக்ரூன் இனிப்பு டின்னில் வெளிநாட்டுத் தபால்தலைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். மாதா கோவில் திருவிழாக் கடையில் விற்று தர்மத்துக்குக் கொடுப்பாள். ஜப்பான், போலந்து, ஆஸ்திரேலியா எல்லாம் இருக்கும். எல்லாம் அல்போன்சாவுக்கு வந்த கார்டுகளிலிருந்து கிழித்தவை. சிப்பிக் குஞ்சுகள் கடலடிப் பாறைத் திட்டான ஒரு பாரில் ஒட்டுவதும் அடுத்த பாரில் ஒட்டாததும் ஏன் என்று அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப வேண்டும் என்று கேட்டு வந்த கார்டுகள் அவை. பாதிக் கார்டுகள் 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கும். அவளும் சிரித்துக்கொண்டே பிரதி அனுப்புவாள்.

இத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள். வாங்கினவர்களில் ஒருத்தன்கூடவா அதைப் பற்றி எழுதவில்லை?

துக்கமாக இருக்கிறவர்கள் அழ வேண்டும். அல்போன்சாவுக்கு அந்தக் கேள்வி வந்ததும் துக்கம் மறந்துபோயிற்று. அவள் புத்தி அப்படி. எழுந்து நூலக அறைக்குப் போனாள்.

டாக்டர் சிவனணைந்தபெருமாள் பெரிய சார்ட் தாளை மேசை முழுக்க விரித்து, பென்சிலும் ஸ்கேலுமாகக் குனிந்திருந்தார். இதே ஜில்லாவில் ஆற்றங்கரைப் பக்கத்து ஊர்க்காரர். மெட்ராஸ் உத்தியோகம் அவர் பேச்சை முழுக்க மாற்றவில்லை.

"வாங்கம்மா. ஒங்க வீட்டுக்காரர்கிட்டதான் நிக்கேன்" என்றார்.

தாளில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் கோடுகள்.

"இது என்ன சார்?"

"யாரு யாரோட சேந்து எழுதியிருக்காங்கன்னு போட்டிருக்கேன். சேந்து எழுதினவங்களுக்கு நடுவுல ஒரு கோடு. மேற்கோள வெறுமன எண்ணினா ஏமாந்துருவோம். இவன் அவனச் சொல்லுவான், அவன் இவனச் சொல்லுவான், ரெண்டு பேரும் பெரிய ஆளாயிருவானுவ. கோடு போட்டா அந்தக் கூட்டம் ஒரே மூலையில சுத்துறது தெரிஞ்சிரும்."

"அப்ப உண்மையான மேற்கோள் எது?"

"முகந்தெரியாதவன் சொல்லுதது. அவனுக்கு ஒங்ககிட்ட எந்தச் சோலியும் கிடையாது. வாசிச்சான், தேவப்பட்டுது, சொல்லுதான். ஒங்க வீட்டுக்காரருக்கு வந்தது பூராவும் அந்த வகை."

அவர் தாளின் நடுவைத் தொட்டார். இடது பக்கம் கடல்நீர்க்காரர்கள் கூட்டம். வலது பக்கம் சிப்பிக்காரர்கள் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி. ஏ. இனிகோ. இரண்டு பக்கத்துக் கோடுகளும் அதில் வந்துதான் சேர்ந்தன.

"இந்த ஒத்தப் புள்ளிய எடுத்தா படம் ரெண்டாப் போயிரும். தண்ணியும் தெரிஞ்சு சிப்பியும் தெரிஞ்ச ஆளு இந்தக் கடற்கரையிலயே இவரு ஒருத்தர்தான். டைரக்டர் தேடுறதும் இப்படி ஒருத்தரத்தான்."

அல்போன்சா அந்தப் புள்ளியையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து இனிகோவுக்குச் சிப்பியை அவித்துத் தின்னத்தான் தெரியும்.

"புத்தகத்தக் கொஞ்சம் பாக்கலாமா சார்?"

எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. விரலை வைத்துக்கொண்டே போனாள். INIGO A. அதன் கீழே வரிசையாக, மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை வந்த வருஷம், பத்திரிகை, பக்கம். முதல் வரி இனிகோவின் நீரோட்டக் கட்டுரை. இரண்டாவது வரியில் அவள் விரல் நின்றது.

அந்தப் பக்க எண் அவளுடையது. அச்சாகி வந்த அன்றைக்கு மையின் வாசனை பிடிக்கத் திறந்து வைத்த பக்கம். அதன் கீழே ஜப்பான்காரர், போலந்துக்காரர், பெயர் வாயில் நுழையாத ஓர் ஆஸ்திரேலியர் என்று வரி வரியாக இறங்கிக்கொண்டே போயிற்று.

அவளுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. மறைக்க முடியாத சந்தோஷம். தெரியாத ஊர்களில், தெரியாத மனிதர்கள், தான் நனைந்த புடவையோடு படகில் உட்கார்ந்து எண்ணிய சிப்பிக் குஞ்சுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

பிறகு நடந்தது என்னவென்று மெல்ல விளங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆர். அல்போன்சா, தகப்பனார் ரோச். கல்யாணத்துக்குப் பிறகு அல்போன்சா இனிகோ. கட்டுரையிலும் அதே பெயர். அமெரிக்காக்காரனுக்குக் கடைசியில் வருவதுதான் பெயர். அதனால் அவளை இனிகோ ஆக்கி, அல்போன்சாவை 'ஏ' என்ற ஒற்றை எழுத்தாக நறுக்கிவிட்டான். இனிகோவின் தகப்பனார் அருளப்பன். அவனும் ஏ. இனிகோ. டாக்டரோ நம்மூர்க்காரர். அல்போன்சா என்றால் அல்போன்சா என்ற பெயரில்தானே இருக்கும் என்று அங்கே போய்த் தேடியிருக்கிறார். அங்கே அவள் எப்படி இருப்பாள்?

"சார், ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா இந்தப் புத்தகம் என்ன செய்யும்?"

"ஒண்ணா எண்ணிரும். அந்தத் தொல்ல வெள்ளக்காரனுக்குத்தாம்மா, ஸ்மித்துன்னு ஆயிரம் பேரு இருப்பான். நம்ம நிலையத்துல இனிகோன்னு எத்தன பேரு இருக்கப்போறாங்க?" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஓட்டமாக நல்லக்கண்ணுவின் மேசைக்கு வந்தாள். தட்டு காலியாக இருந்தது.

இனிகோ பின்பக்கத்துப் படகுத்துறையில் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தூரத்தில் புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அவன் அதைப் பார்க்கிற மாதிரி நின்றானே ஒழிய, பேட்டியில் என்ன சொல்வது என்று உதட்டசைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"இங்கேருங்க. அந்த நாப்பத்தொண்ணும் எதெதுன்னு பாத்தியளா?"

"இல்ல."

"ஏன் பாக்கல?"

"பாக்கப் பயமா இருந்துது. நான் எழுதினது மூணே மூணு. அத எவன் இம்புட்டுத் தடவ சொன்னாம்னு எனக்கே சந்தேகந்தான். ஆனா அவரு கையப் பிடிச்சிக் குலுக்கினாருல்லா. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சொன்னாள். பக்க எண்ணைச் சொன்னாள், ஜப்பான்காரரைச் சொன்னாள், ஓர் எழுத்தும் ஒரு பெயருமாக இரண்டு பேரும் ஒரே வரியில் கிடப்பதைச் சொன்னாள். காலையில் கடிதம் கொடுத்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

இனிகோ ஒரு சிரிப்புச் சிரித்தான். அது நல்ல சிரிப்பாக இல்லை.

"காலேசுல சேரும்போது பேருக்குப் பின்னால பர்னாந்து இருந்துது. என் வகுப்புலயே அஞ்சு பர்னாந்து. மார்க்கெல்லாம் மாறிப்போவுதுன்னு நான்தான் அத வெட்டி எறிஞ்சேன். எவனோடயும் சேந்துரக் கூடாதுன்னு வெட்டினேன். கடைசியில ஒன்னோடயே போய்ச் சேந்துட்டேன்."

"கோவமா?"

"ஆமா. ஒன் மேல இல்ல. நேத்துத் தூங்கவே இல்ல ஏளா, அம்புட்டு சந்தோஷமா இருந்தேன். அத இப்பத் திருப்பிக் குடுக்கணும்லா, அந்தக் கோவம்."

அவளுக்குக் கண் கலங்கியது. அதற்குள் நல்லக்கண்ணு வாசலில் நின்று, டைரக்டர் இனிகோ சாரை உடனே வரச் சொல்வதாகக் குரல் கொடுத்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். இப்போது அவன் நினைத்தால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். புத்தகம் அவன் பக்கம் பேசும், படம் அவன் பக்கம் பேசும், நாற்காலி அவனுக்கு வரும். அல்போன்சா அதை நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

சற்று நேரத்தில் அவளையும் கூப்பிட்டார்கள்.

டைரக்டர் கையில் அவள் எழுதிய கடிதம் இருந்தது. பக்கத்தில் டாக்டர், சுருட்டிய சார்ட்டோடு. இனிகோ எதிரே நின்றான்.

"மிஸஸ் இனிகோ, உங்க ஹஸ்பெண்ட் என்ன செஞ்சிருக்கார் பாருங்க" என்றார் டைரக்டர். "இவரைத்தான் செலக்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஃபைலைத் திறந்தா விலகல் லெட்டர் இருக்கு. நீங்களா எழுதினீங்கன்னா ஆமாங்கறார்."

அல்போன்சா கடிதத்தைப் பார்த்தாள். கீழே அவள் கையெழுத்து. எப்போதும் போடுகிற மாதிரி, ஏ. இனிகோ. நல்லக்கண்ணு அதைக் கணவன் ஃபைலில் குத்திவிட்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உலகமே அப்படித்தான் குத்திக்கொண்டிருந்தது.

இனிகோவைப் பார்த்தாள். அவனுக்கு அவள் எழுத்துத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் தன்னுடையது என்றிருக்கிறான்.

"அது என் லெட்டர் சார்" என்றாள்.

"இல்ல சார், என்னோடது" என்றான் இனிகோ.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு லெட்டரை ரெண்டு பேரும் எழுதினீங்களா?"

"நான்தான் எழுதினேன் சார். எம்பேருல ஒரு மேற்கோளும் இல்லன்னு சொன்னதுனால எழுதினேன். இருக்கு. முப்பத்தெட்டு இருக்கு. புத்தகத்துல நானும் ஏ. இனிகோதான்."

அவள் விளக்க விளக்க, டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். அவர் முகம் சிவந்துபோயிற்று. பிறகு, பாவம், நல்ல மனிதர், ரப்பரை எடுத்து நடுப்புள்ளியை அழித்தார். அழித்த இடத்தில் இரண்டு புள்ளிகள் வைத்தார். இடது பக்கத்துக் கோடுகள் ஒன்றுக்கு, வலது பக்கத்துக் கோடுகள் இன்னொன்றுக்கு. படம் இரண்டாகப் பிரிந்தது.

"எனக்கு வேண்டிய ஆளே இப்ப இதுல இல்லையே" என்றார் டைரக்டர். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பேப்பர்கூட எழுதலையா?"

"இல்ல சார். இவங்க பேரச் சேத்தா, எல்லாம் புருஷன் எழுதிக் குடுத்ததுன்னு சொல்லுவாங்க. நான்தான் வேண்டாம்னேன்" என்றாள் அல்போன்சா. "சேக்காமலே அப்படித்தான் ஆயிட்டுது."

"ஆனா நீரோட்டம் தெரியாம அந்தக் கட்டுரைய எழுதியிருக்க முடியாதேம்மா. அதுக்கு ஆதாரம் எங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்டுக் குசினியில சார்" என்றான் இனிகோ. "சட்டி கழுவுத தண்ணியிலதான் நீரோட்டம் காட்டுவேன். அதுக்கெல்லாம் புத்தகம் இருக்கா?"

டாக்டர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். இருந்தாலும் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் கோடு போடவில்லை. ஆதாரம் இல்லாமல் கோடு போட அவர் கை வராது.

டைரக்டர் கடிதத்தை மேசையில் வைத்தார். எழுதினவங்க எடுத்துக்கலாம் என்றார். அல்போன்சா எடுத்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பேட்டி என்று முடிவாயிற்று. "அதுக்கு முன்னால ரெண்டு பேரும் அவங்கவங்க ஃபைல்ல பேரைத் தெளிவா எழுதுங்க. இன்னொரு குழப்பம் எனக்கு வேண்டாம்."

அல்போன்சா பேனாவை எடுத்தாள். எதை எழுதுவது? ஆர். அல்போன்சா என்று எழுதினால் அது அவள் பிறந்த பெயர். ஆனால் முப்பத்தெட்டுப் பேர் கூப்பிட்டது அந்தப் பெயரை அல்ல. ஏ. இனிகோ என்று எழுதினால் கணவனுக்கு என்ன மிஞ்சும்? பேனா நின்றது.

அதற்குள் இனிகோ எழுதி முடித்துவிட்டான். டைரக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏ. இனிகோ பர்னாந்து. இதுவா உங்க பேர்?"

"கோவில் ஞானஸ்நான ஏட்டுல உள்ள பேரு சார். நடுவுல கொஞ்ச காலம் எறக்கி வச்சிருந்தேன்."

"இனிமே நீங்க எழுதுறதெல்லாம் பர்னாந்து கணக்குலல்லா போகும்" என்றார் டாக்டர், உண்மையான கவலையோடு. "அந்தப் பேருல இங்க இருந்து சிலோன் வரைக்கும் ஆளுக. தேடினாலும் கிடைக்கமாட்டீங்க."

"பரவால்ல சார். ஊரோட சேந்து இருந்துக்கிடுதேன்." பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "ஏ. இனிகோவ அவ வச்சிக்கிடட்டும். அந்தப் பேருக்கு சம்பாதிச்சது அவதான்."

அல்போன்சா எழுதினாள்.

மத்தியானம் தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையை அவள் பிடித்திருந்தாள். ஆள் வந்தால் விடுவாள், போனால் பிடிப்பாள். அந்த நேரம் பார்த்து பிளாரன்ஸ் ஒரு பெரிய மக்ரூன் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். தெரு முழுக்கக் கொடுத்தாயிற்றாம். மிச்சம் ஆபீசுக்கு.

"யம்மா, இன்னும் ஒண்ணும் முடியல" என்றான் இனிகோ.

"நாப்பத்தோரு எடத்துல பேரு இருக்கவனுக்கு என்ன முடியணும்? தள்ளி உக்காருலே."

மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியைத் திறந்து, பெரிய மக்ரூனாகப் பார்த்து எடுத்தாள், மகனுக்காக.

டைரக்டர் அறைக் கதவு திறந்தது. நல்லக்கண்ணு தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஏ. இனிகோ."

இனிகோ பழக்கத்தில் எழுந்துவிட்டான். எழுந்தவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

பிளாரன்ஸ் அவன் தொடையில் இடித்தாள். "ஏலே, ஒன்னயத்தான் கூப்புடுதாவ."

"என்னய இல்லம்மா" என்றான் இனிகோ. "அவளத்தான்."

பிளாரன்ஸ் கையில் மக்ரூனோடு மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அல்போன்சா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே போனாள்.